விமான மாடலில் எது பிழைத்தது? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் விமானக் கிட்டை ஒட்டி, பெயின்ட் அடித்து, மேசையில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஏதோ சரியில்லை. பிழை கண்ணுக்குத் தெரிகிறது, அது எங்கே தொடங்கியது என்றுதான் தெரிவதில்லை. என் அனுபவத்தில், கண்ணில் படும் பிழை அன்று செய்த வேலையில் இருப்பது குறைவு. மூன்று நாளைக்கு முன்பு "இது போதும்" என்று விட்ட இடத்தில்தான் கிடக்கும். மற்றக் காரணம் எங்கள் காற்று. பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாளை எழுதியவர் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில், சராசரி ஈரப்பதன் 75 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஊரில் இருந்து எழுதவில்லை. நான் அங்கே இருந்துதான் கட்டுகிறேன்.

உதாரணத்துக்கு 1/72 அளவு (நிஜத்தின் 72இல் ஒரு பங்கு) ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது இரத்மலானையிலிருந்தும், ஓடுபாதையாக மாற்றிய ரேஸ்கோர்ஸ் திடலிலிருந்தும் எழும்பியவற்றில் பெரும்பாலானவை ஹரிகேன்கள். அதனால் எங்கள் ஊர்க்காரருக்கு இது கொஞ்சம் சொந்தம். பக்கத்தில் ஜப்பானியரின் ஸீரோ போர் விமானம் ஒன்றையும் கட்டி வைத்தால் ஜோடி சரி.

ஒட்டிய துண்டு கையோடு கழன்று வருகிறது

எந்தப் பசை என்று முதலில் பாருங்கள். மாடல் சிமென்ட் உண்மையில் பசையே இல்லை. பொலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான் அது. நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்டைத்தான் கரைக்கும், பிளாஸ்டிக் வரை போகாது. ஒட்டும் முகத்தில் பெயின்டைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பளபளவென்று குரோம் பூசிய துண்டுக்கும் இதே வைத்தியம். ரெசின், உலோகத் துண்டுகள் சிமென்டுக்கு மசியாது, அவற்றுக்கு சுப்பர் குளூதான்.

பெயின்ட் இல்லாமலே கழன்றால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழர அடித்த எண்ணெய் மிச்சம் இருக்கும், உங்கள் விரல் எண்ணெயும் இருக்கும். துண்டுகளை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்ட முன்பே, வெதுவெதுப்பான தண்ணீரில் சன்லைட் சவர்க்காரம் கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாததற்கு அபராதம் பின்னால் டேப் கழற்றும்போது மறுபடியும் வரும், அங்கே சொல்கிறேன்.

நடுக்கோடு பெயின்டுக்குப் பிறகு எட்டிப் பார்க்கிறது

ஆகக் கூடுதலாக வரும் முறைப்பாடு இது. உடலின் இடது பாதியும் வலது பாதியும் சேரும் கோடு, நிரப்பியாயிற்று, தேய்த்தாயிற்று, பெயின்டும் அடித்தாயிற்று, இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் முதுகில் மெல்லிய பள்ளமாக ஓடுகிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோடு கூர்மையாக, முடி போல் தெரிந்தால் அது நிரம்பவே இல்லை. கோடு மழுங்கலாக, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தால், நிரப்பியது பின்னால் சுருங்கியிருக்கிறது. புட்டி என்ற நிரப்பும் களிக்குள் இருக்கும் கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும், வெளியேற வெளியேறப் புட்டி கீழே இறங்கும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அதை நம்ப வேண்டாம். மூக்கைக் கிட்ட வைத்துப் பாருங்கள். மணம் வந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் நான் ஒரு கிழமை விடுகிறேன்.

புட்டியே தேவைப்படாமல் செய்வது அதைவிட நல்லது. இரண்டு பாதியையும் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பிடித்து, மெல்லிய சிமென்டைத் தூரிகையால் கோட்டில் தொடுங்கள். அது தானாக உள்ளே ஓடும். அரை நிமிடம் பொறுத்து இரண்டு பாதியையும் அமத்தினால் இடியப்ப உரலில் மா எட்டிப் பார்ப்பதுபோல் உருகிய பிளாஸ்டிக் ஒரு சின்ன வரம்பாக வெளியே வரும். அந்த வரம்பு நீளத்துக்கும் அறாமல் வந்தால் உங்கள் கோடு நிரம்பிவிட்டது. தொடாதீர்கள், துடைக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு கத்தியைப் படுக்க வைத்துச் சீவி, 400, 800, 1200 இலக்க சாண்ட்பேப்பரால் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேயுங்கள்.

வரம்பு வராமல் இடைவெளி இருந்தால், துண்டுகள் வந்த சட்டத்தின் மிச்சத்தை நகவெட்டியால் பொடியாக வெட்டி, முடியப்போகும் சிமென்ட் போத்தலுக்குள் போட்டு ஒரு இரவு விடுங்கள். தேன் பதத்துக்கு வரும். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது புட்டி மாதிரித் தனியாகத் தேயாது. ஆனால் இதுவும் காயக் காயச் சுருங்கும், கொஞ்சம் மேடாகவே வையுங்கள். அவசரம் என்றால் சுப்பர் குளூவை நிரப்பியாகப் பாவிக்கலாம், சுருங்காது. ஆனால் காய்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், பக்கத்துப் பிளாஸ்டிக் தேயும், குளூ மலையாக நிற்கும்.

சோதிக்க ஒரு வழி: கோட்டின் மேல் வெள்ளி நிறப் பெயின்டை ஒரு இழுவை இழுங்கள். வெள்ளி எதையும் மறைக்காது. கீறல், பள்ளம், மேடு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹரிகேனில் ஒரு கூடுதல் தொல்லை. பின்பக்க உடல் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது, அதனால் மாடலிலும் நீள வரிகள் உண்டு. முதுகைத் தேய்க்கும் உற்சாகத்தில் அந்த வரிகளையும் வழித்துவிடுவோம். கோட்டின் இரு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் தேயுங்கள். என் முதல் ஹரிகேனின் முதுகு முட்டை மாதிரி வழுவழுப்பாகப் போய், அதை அலுமாரியில் முகம் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

ஒரு இறக்கை தூக்கி, மற்றது தாழ்ந்து நிற்கிறது

ஒட்டும்போது கண்ணால் மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு நெருப்புப்பெட்டியை இரண்டு இறக்கை நுனிக்கும் கீழே, ஒரே தூரத்தில் வைத்து, சிமென்ட் இறுகும் வரை விடுங்கள். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை பாருங்கள், வால் இறக்கை பிரதான இறக்கைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று. ஏற்கெனவே ஒட்டி முடிந்ததென்றால் மூட்டில் மெல்லிய சிமென்டை மறுபடி ஓட விட்டு, பத்து நிமிடம் கழித்து மெதுவாக வளைத்து நெருப்புப்பெட்டிமேல் ஒரு இரவு வையுங்கள். பாதித் தடவை இது சரிவரும்.

இறக்கையே வளைந்து வந்திருந்தால், கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பொலிஸ்டைரீன் 100 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும், பிறகு இறக்கை அப்பளமாகச் சுருளும்.

மாடல் வாலில் குந்துகிறது

மூக்கில் சக்கரம் உள்ள விமானங்களுக்கு மட்டும் வரும் வியாதி: பி-38, பி-25, மெ 262 போன்றவை. உடலை மூட முன்பு மூக்குக்குள் பாரம் வைக்கவில்லை. மீன்பிடி சாமான் கடையில் ஈயக்குண்டு கிடைக்கும், தேவை என்று நினைப்பதைவிட ஒன்று கூடப் போடுங்கள். உடலை மூடிய பிறகு நினைவு வந்தால் சக்கரக் குழி வழியாகவோ எஞ்சின் உறை வழியாகவோ திணிக்கலாம். அதுவும் இல்லையென்றால் சக்கரத்தை மேடையில் ஒட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். ஹரிகேனுக்கும் ஸீரோவுக்கும் வால் சக்கரம், அவை குந்தித்தான் நிற்க வேண்டும்.

விமானி அறையின் கண்ணாடி மூடி வெள்ளைப் புகை பிடித்திருக்கிறது

சுப்பர் குளூவின் ஆவி. இறுகும்போது வரும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெள்ளையாக நிற்கும். ஈரக்காற்றில் அந்தக் குளூ சீக்கிரம் இறுகும், மூடிய சின்ன அறைக்குள் ஆவி போக இடமும் இல்லை. காக்பிட்டுக்குள் சுப்பர் குளூ பாவித்திருந்தால், மூடியை ஒட்ட முன்பு ஒரு நாளாவது காற்றோட்டமாக விடுங்கள். மூடிக்கு மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும், கூடினால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

புகை வெளிப்பக்கத்தில் என்றால் பற்பசையைப் பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேய்த்து, கழுவி, மெல்லிய அக்ரிலிக் கிளியரில் முக்கி எடுத்து, டிஷ்யூ மேல் சாய்த்து வையுங்கள். கண்ணாடி மீண்டும் கண்ணாடியாகும். முக்கி எடுத்த மூடியின் மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ரயில் போகும்போது எழும்பும் தூசி எல்லாம் அதில்தான் இறங்கும். உள்பக்கத்தில் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிட்டது

அக்காவின் மகன் ஒரு ஒக்டோபர் பின்னேரம் ஸீரோவோடு வந்து நின்றான். கறுப்பு எஞ்சின் உறை சாம்பல் பூத்தமாதிரி இருந்தது.

"மாமா, நான் கறுப்புத்தான் அடிச்சனான்."

"எப்ப அடிச்சனீ?"

"மழை விட்ட உடன, பல்கனியில."

அவ்வளவுதான் காரணம். லக்கர் பெயின்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம், ஐஸ் தண்ணீர்க் கிளாசின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல், காயாத பெயின்டுக்குள் படியும். பெயின்ட் கெட்டுப்போகவில்லை, மேல் தோலில் ஈரம் சிறைப்பட்டிருக்கிறது. மழைக்குப் பிறகு காற்று ஈரத்தில் நிரம்பி நிற்கும் நேரம்தான் இதற்கு ஆக மோசம்.

திருத்துவது சுலபம். மெதுவாக ஆவியாகும் ரிட்டாடர் கலந்த லக்கர் தின்னரை, பெயின்ட் கலக்காமல், எயார்பிரஷால் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) பனி போல மெல்லியதாக ஒரு தடவை அடியுங்கள். மேல் தோல் சற்றே இளகி, ஈரத்தை வெளியே விட்டு, கறுப்பு திரும்பும். இதை ஏசி அறையில் செய்தால் இன்னும் நல்லது. ஏசி குளிர்ச்சிக்காக இல்லை, அது காற்றிலிருந்து தண்ணீரை இறக்குவதற்காக. ஒரு மணித்தியாலம் முன்பே போட்டு விடுங்கள். யன்னலைத் திறந்து மணத்தை வெளியேற்ற வேண்டும் என்பதும் உண்மை, இரண்டும் ஒத்துவராது என்பதும் உண்மை. நான் அடிக்கும்வரை ஏசி போட்டு, முகமூடி கட்டி, அடித்து முடிந்ததும் மாடலை மூடி போட்ட பெட்டிக்குள் வைத்துவிட்டு யன்னலைத் திறக்கிறேன்.

பளபளப்பில்லாத மட் வார்னிஷ் அடித்த பிறகு வெள்ளைப் படலம் வந்தால் அது வேறு கதை, அடியில் தங்கிய மட் தூளைப் போத்தலுக்குள் வடிவாகக் கலக்காததாக இருக்கலாம். மேலே ஒரு பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள், அனேகமாக மறைந்துவிடும். காய்ந்த பின் மட் வார்னிஷை மறுபடி, இம்முறை நன்றாகக் கலக்கி.

பரப்பு மணல் மாதிரி, அல்லது தோடம்பழத் தோல் மாதிரி

விரலால் தடவினால் மணல் போலச் சொரசொரத்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து விழுந்திருக்கிறது: தூரம் கூடியது, அமுக்கம் கூடியது, அல்லது தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. எங்கள் வீடுகளில் மூன்றாவதுதான். தோடம்பழத் தோல் போல் மேடும் பள்ளமுமாக என்றால் பெயின்ட் தடிப்பு, பரவ முன்பே இறுகிவிட்டது. பெயின்டைப் பால் பதத்துக்கு ஐதாக்கி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அமுக்கம், 8 சென்டிமீற்றர் தூரம் என்று தொடங்கிப் பாருங்கள். மாறாக, பெயின்ட் சிலந்திக்கால் மாதிரி நாலு பக்கமும் ஓடினால் அளவுக்கு மீறி ஐது, அல்லது மிகவும் கிட்ட.

தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்டை ஐதாக்க ஐசோபுரோப்பைல் அல்ககோல் நன்றாகவே வேலை செய்யும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று பாமசியில் தருவதில் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், லேபலைப் பார்த்து வாங்குங்கள். அடித்தது பிடிக்கவில்லை என்றால் அதே அல்ககோலில் தோய்த்த பஞ்சால் முழுவதையும் துடைத்து எடுத்துவிடலாம், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. மேலே மேலே அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 0.05 மில்லிமீற்றர் பெயின்ட் தடிப்பு 1/72 கணக்கில் நிஜ விமானத்தில் 3.6 மில்லிமீற்றர்.

நடுவில் தண்ணீர்த் துளி தெறிக்கிறது

கொம்பிரசர் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரமும் சேர்ந்து அமுங்கித் தண்ணீராகும். அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் ஈரப்பொறி ஒன்று இருந்தும் தெறிக்கிறது என்றால் அது கொம்பிரசரின் வாயிலேயே பொருத்தியிருக்கும். அங்கே காற்று இன்னும் சூடு, தண்ணீர் பிரிந்திருக்காது. குழாயின் மறு முனையில், எயார்பிரஷுக்குக் கிட்டப் பொருத்துங்கள். வேலை முடிந்தால் தாங்கியின் அடித் திருகைத் திறந்து வடிய விடுங்கள், ஒரு கரண்டித் தண்ணீர் வரும், அதுவும் துருப்பிடித்த நிறத்தில். தாங்கி இருப்பதில் இன்னொரு லாபம், 2022 மின்வெட்டுக் காலத்தில் கண்டது: கரண்ட் போனாலும் எயார்பிரஷைக் கழுவி முடிக்குமளவு காற்று மிச்சம் இருக்கும்.

நிறம் பிரிக்க ஒட்டிய டேப்பைக் கழற்றினால் பெயின்டும் சேர்ந்து வருகிறது

சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை, அல்லது அடிப்பூச்சான பிரைமர் அடிக்கவில்லை, அல்லது பெயின்ட் காயவில்லை. டேப்பை ஒட்ட முன்பு கையின் பின்பக்கத்தில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பிடிப்பைக் குறையுங்கள், கழற்றும்போது தன்மேல் மடித்து, தட்டையாக இழுங்கள். பிய்ந்த இடத்தின் விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் நேரே பெயின்ட் அடித்தால் அந்த விளிம்பு கடைசிவரை தெரியும்.

டீகலைச் சுற்றி வெள்ளிப் படலம்

டீகல் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம். எல்லாம் வடிவாக முடிந்து, கடைசியில் வட்டச் சின்னத்தைச் சுற்றி ஒரு தெளிந்த படலம் பளிச்சென்று மின்னுகிறது. படலத்துக்குக் கீழே காற்று. மட் பெயின்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் கிட்டப் போனால் கருங்கல் தரை மாதிரி; டீகல் மேடுகளில் மட்டும் படுக்கும், பள்ளங்களில் காற்று நிற்கும், அந்தக் காற்றில் வெளிச்சம் பட்டு மின்னும். ஆகவே பிழை டீகலில் இல்லை, அதற்கு முன்பு பளபளப்பு வார்னிஷ் அடிக்காததில் இருக்கிறது.

ஒட்டியாயிற்று, இனி என்ன? மெல்லிய ஊசியால் மின்னும் இடத்தில் புள்ளி புள்ளியாகக் குத்துங்கள், தைரியமாக. அதன்மேல் மைக்ரோ சொல் (Micro Sol) என்ற திரவம் ஒரு சொட்டு. அது டீகலை இளக வைக்கும், முதலில் சுருக்கம் விழுந்து உங்கள் வயிற்றைக் கலக்கும்; அந்த நேரம் தொட்டால்தான் கெட்டது. விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். காய்ந்தால் தானாகப் படிந்திருக்கும். மின்னல் மிச்சம் இருந்தால் மறுபடி குத்தி, மறுபடி சொட்டு. எனக்கு நாலு தடவை எடுத்ததும் உண்டு. மைக்ரோ சொல் கையில் இல்லை என்றால் வெள்ளை வினாகிரியில் பாதித் தண்ணீர் கலந்து பாருங்கள், மெதுவாக வேலை செய்யும், மெல்லிய டீகலுக்குப் போதும்.

பழைய கிட்டில் டீகல் மஞ்சளித்திருந்தால் அதை மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு வெயில் படும் யன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டி இரண்டு மூன்று கிழமை விடுங்கள், வெளுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வெயில் நமக்கு உதவி. தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைந்தால் காரணம் தாளின் பசை இல்லை, படலம் பழசாகிவிட்டது. மிச்சம் இருப்பவற்றின்மேல் லக்கர் கிளியர் ஒரு பூச்சு அடித்து, காய்ந்த பின் ஒவ்வொன்றாக நெருக்கமாக வெட்டிப் பாவியுங்கள். டீகல் தாள்களைப் பெட்டியோடு வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள்.

சின்னத் துண்டு பறந்து போய்விட்டது

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அசையாமல் இருங்கள், கதிரையைப் பின்னால் தள்ளினால் துண்டு அதன் காலுக்குக் கீழேதான் இருக்கும். விளக்கை அணைத்து, டோர்ச்சைத் தரையோடு படுக்க வைத்துப் பிடியுங்கள், துண்டு தன் உயரத்தைவிடப் பெரிய நிழல் போடும். கிடைக்காவிட்டால் வக்கியூம் கிளீனர் வாயில் பழைய ஸ்டொக்கிங் கட்டி உறிஞ்சுங்கள். அதற்கும் கிடைக்காத துண்டு நீங்கள் போட்டிருக்கும் சறத்தின் மடிப்பில் இருக்கலாம்.

அன்டெனாக் கம்பி தொய்ந்துவிட்டது

ஸீரோவுக்கு விமானி அறைக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து வால் வரை ஒரு கம்பி போகும். சட்டத் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேல், படாமல், சூடாக்கி இரண்டு கையாலும் இழுத்தால் தலைமயிர் மொத்தத்தில் நூல் வரும், அதைத்தான் ஒட்டுவோம். நேற்று விறைப்பாக நின்றது இன்று தொய்ந்தால், சாமியறையிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வாருங்கள். நுனிச் சூட்டைக் கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே பிடித்து மெதுவாக நகர்த்தினால் நூல் சுருங்கி விறைக்கும். ஃபேன் நிறுத்தியிருக்க வேண்டும், ஊதுபத்தியின் சாம்பலை முதலில் தட்டிவிட வேண்டும். கிட்டக் கொண்டு போனால் நூல் அறும், அறுந்தால் வேறு நூல் இழுங்கள், சட்டம்தான் எவ்வளவோ கிடக்கிறதே.